எதிர்பாராத நெருக்கம்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு நாடு இருந்தது. அந்தக் கரையிலும் ஒரு நாடு இருந்தது. அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே நாய்கள் தெருவில் படுத்திருந்தன, மனிதர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கரை நாட்டின் பெயர் அமைதிபுரி. பெயரை வைத்தவர் இப்போதைய மன்னரின் தந்தை. அதற்கு முன் என்ன பெயர் என்று கேட்பது குற்றமில்லை. பதில் சொல்வதுதான் குற்றம்.

அமைதிபுரியில் படித்துறைக்கு இறங்கும் தெருவில் ரணவைத்தியர் செம்மலையின் வீடு இருந்தது. வெட்டு, கிழிசல், கடி என்று எது வந்தாலும் கழுவி, தைத்து, கட்டி அனுப்புவார். வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி பூரணியும் மகள் தையல்நாயகியும் அக்கரையில், பூரணியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். மாலையில் அக்கரையில் அடுப்புப் புகை எழும்போது செம்மலை துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ புகை எழும். அதில் இடது பக்கம் மூன்றாவதுதான் பூரணியின் அடுப்பு என்று அவராகவே தீர்மானித்திருந்தார். அது எழும்பவில்லை என்றால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர்கள் போனதற்குக் காரணம் ஒரு நாய். நாய்க்குக் காரணம் ஓர் ஆணை.

அமைதிபுரியில் சாப்பிட்டு எழும்போது கடைசிக் கவளத்தை இலையிலேயே விடுவது வழக்கம். அதற்கு வாசல் பங்கு என்று பெயர். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு அது. யாரும் நாயை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டதில்லை. வாசல் இருந்தது, நாய் இருந்தது.

ஒருநாள் பேரமைச்சரின் மைத்துனர் வைக்கோல் போர்களைப் பார்வையிடப் போனார். போருக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அவர் ஒரு குட்டியின் மேல் காலை வைத்தார். தாய் நாய் அவருடைய ஆடுசதையில் பல்லை வைத்தது. இரண்டு பல் மட்டும். செம்மலை மஞ்சள் வைத்துக் கட்டினார். நான்காம் நாள் புண் ஆறிவிட்டது. ஆனால் மூன்றாம் நாளே ஆணை வந்துவிட்டது.

நாட்டிலுள்ள எல்லா நாய்களும் சங்கிலியால் கட்டப்பட வேண்டும். சங்கிலியின் நீளம் இரண்டு முழத்துக்கு மேல் போகக் கூடாது. எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது. வயிறு நிறைந்த நாய்க்குத் துணிச்சல் வருவதால் வாசல் பங்கு நிறுத்தப்படுகிறது. அரண்மனை நாய்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் அவை நாய்கள் அல்ல, காவலர்கள்.

பக்கத்து வீட்டுக் கொல்லர் மாசாணத்துக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்தது. அவருடைய வாசலில் செவலை என்று ஒரு பெட்டை நாய் உண்டு. மழைக்காலத்தில் தையலின் பாதங்களின் மேல் படுத்துத் தூங்கும் நாய். மாசாணம் முதல் சங்கிலியை அதற்குத்தான் போட்டார். ஆணையை மதிக்கிறவர் என்று பெயர் வாங்க வேண்டியிருந்தது.

நான்கு மாதம் செவலை இரண்டு முழத்துக்குள் நின்றது. வாசல் பங்கை ஒளித்து விடுகிறவர்கள் விட்டதைத் தின்றது. ஒரு நண்பகலில் பள்ளி விட்டுத் தையல் ஓடி வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தவள் நாயின் பக்கமாகக் குனிந்தாள்.

செம்மலை மகளின் கன்னத்தில் ஏழு தையல் போட்டார்.

நாயை அன்றே சேவகர்கள் அடித்துக் கொன்றார்கள். செம்மலை போய் அந்த உடலைப் பார்த்தார். கழுத்து வளையத்தைத் தூக்கியதும் வாடை வந்தது. இரும்பு தோலை அறுத்துச் சதைக்குள் இரண்டு விரல் ஆழத்துக்குப் போயிருந்தது. புண்ணுக்குள் புழு நெளிந்தது.

மாசாணம் எட்ட நின்றார். "ஒரு மாசமா மொனகிக்கிட்டே கெடந்துச்சு வைத்தியரே. அவுத்துப் பாக்கலாம்னு நெனச்சேன். அவுக்கக் கூடாதுன்னு ஆணை."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா அவுக்கச் சொல்லுவீங்க."

கன்னத்துத் தையலைப் பிரித்த மறுநாள் பூரணி துணிகளை மூட்டை கட்டினாள். செம்மலை துறை வரை கூடப் போனார். படகில் ஏறிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இந்தத் தொறையில இருந்து நம்ம வாசல் வரைக்கும் இவ ஒத்தையில நடந்து வர்ற மாதிரி ஒரு நாள் வந்தாச் சொல்லுங்க. அன்னைக்கி வர்றோம்."

செம்மலைக்கு அந்த வாசகம் போதுமானதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் வேலை செய்தார்.

கடிபட்டு வந்தவர்களை வெறுமனே கட்டி அனுப்பாமல் கேள்வி கேட்கத் தொடங்கினார். எந்த நாய்? எத்தனை நாளாகக் கட்டிக் கிடக்கிறது? கடைசியாக எப்போது தின்றது? உடம்பில் புண் உண்டா? குட்டி உண்டா? நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கடிப்பதற்கு முன் அது என்ன செய்தது? ஒரு வருடத்தில் நாற்பத்து மூன்று பேர் பதில் சொன்னார்கள். பதில்கள் வேறுவேறாக இருந்தன. ஒரு நாய் பட்டினி, ஒரு நாய்க்குக் காதில் சீழ், ஒரு நாயைக் குழந்தையோடு தனியே விட்டுப் பெரியவர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள், ஒரு நாயை அதன் தட்டிலிருந்து இழுத்திருந்தார்கள். ஒரு பதில் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கடிப்பதற்கு முன் அது உறுமியது. சிலருக்கு ஒரு நாள் முழுக்க, சிலருக்கு ஒரு மூச்சு நேரம். கேட்டவர் யாரும் நிற்கவில்லை.

தையலையும் கேட்டிருந்தார், அவள் போவதற்கு முன். "உர்ருன்னுச்சுப்பா. நான் வாய்ப்பாடு சொல்றதுக்குத்தான் கூடச் சொல்லுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

செம்மலை பதில்களை எழுதி வைத்திருந்த ஓலைகளை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார். மூன்று நாள் காத்திருந்த பிறகு உள்ளே விட்டார்கள். சங்கிலியை நீட்டுங்கள், வாசல் பங்கைத் திரும்பக் கொடுங்கள், புண்ணுக்கு மருந்து போட அனுமதியுங்கள், குழந்தையை நாயோடு தனியே விடாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னார். மன்னர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கடைசியாகச் செம்மலை, உறுமினால் நின்றுவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம், ஏனெனில் நாற்பத்து மூன்று கடியிலும் நாய் முதலில் உறுமியிருக்கிறது என்றார்.

பேரமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாற்பத்து மூன்றிலுமா?"

"ஆமாம் ஐயா."

"உறுமாமல் கடித்த நாய் ஒன்றுகூட இல்லையா?"

"இல்லை."

பேரமைச்சர் மன்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "முன்னே வருவது காரணம், பின்னே வருவது காரியம். உறுமல் முன்னே வருகிறது. கடி பின்னே வருகிறது. இத்தனை ஆண்டுகளாக நாம் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம், தொண்டையைப் பார்க்கவில்லை. காரணத்தைக் கண்டறிந்த பெருமை நம் வைத்தியரையே சாரும்."

செம்மலை, அது காரணம் இல்லை ஐயா, எச்சரிக்கை என்றார். கைதட்டல் அதற்குள் தொடங்கிவிட்டது.

உறுமல் தடுப்பாணை அடுத்த வாரம் முரசறையப்பட்டது. உறுமும் நாயை உறுமிய இடத்திலேயே, உறுமி முடிப்பதற்குள் பிரம்பால் அடிக்க வேண்டும். மூன்று முறை உறுமினால் நாய்க்கு மரணம், உரிமையாளருக்குச் சிறை. அரண்மனை நாய்களின் ஒலி உறுமல் ஆகாது, அது அறிவிப்பு. ஆணையைக் கொண்டாட ஒரு கூட்டம் நடந்தது. செம்மலையை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி 'உறுமல் வென்றான்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றியுரைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பிரம்புக்காரர்கள் வேலியோரம் காதை வைத்து நடந்தார்கள். மாசாணத்துக்கு இப்போது பிரம்புக்குப் பூண் போடும் வேலை. இரண்டு மாதத்தில் நாய்கள் கற்றுக்கொண்டன. நாட்டில் உறுமல் இல்லாமல் போயிற்று.

கடியும் நின்றது. ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு இன்னொரு வாரம். நாற்பது நாள் செம்மலை வீட்டில் ஊசி கொதிக்கவில்லை.

இது ஏன் சரியில்லை என்று அவருக்குத் தெரியும். சங்கிலி இரண்டு முழம்தான் இருந்தது. வயிறு காலியாகத்தான் இருந்தது. வளையத்தின் கீழே புண் அப்படியேதான் இருந்தது. ஆனால் தெரு காலியாக, வெயிலில், துறையிலிருந்து வாசல் வரை நேராகக் கிடந்தது. ஒரு சிறுமி நடக்கும் தெருவாக அது இருந்தது. நாற்பத்தோராம் நாள் அவர் படகேறினார்.

தையலுக்கு எட்டு வயது ஆகியிருந்தது. முன்பல் இரண்டு புதிதாக முளைத்திருந்தன. கன்னத்துத் தழும்பு வளர்ந்த முகத்தில் சிறுத்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். நல்ல தையல்தான். அதில் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

மகளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. "இங்க ஒரு நாய் இருக்குப்பா. அது திங்கும்போது கிட்டப் போனா உர்ருங்கும். நான் நின்னுக்குவேன். தின்னு முடிச்சிட்டு அதுவே வந்து வாலாட்டும்."

"நம்ம ஊர்ல இப்ப எந்த நாயும் உர்ருங்கறதில்ல தங்கம்."

அவள் யோசித்தாள். "அப்ப எங்க நிக்கணும்னு எப்படித் தெரியும்?"

பூரணி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கணவனைப் பார்த்தாள். செம்மலை இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. பதிலைவிடத் தன் வீட்டு வாசலில் மகளுடைய செருப்பு கிடக்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

கிளம்பும்போது பூரணி சொன்னாள். "மூணு மாசத்துல அமைதி விழா வருதுல்ல. அது வரைக்கும் இப்படியே இருந்தா வர்றோம். எப்படி இருக்குன்னு எழுதுங்க. உள்ளதை எழுதுங்க."

அவர் திரும்பி வந்த மூன்றாம் நாள் ஒரு நெசவாளியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். தொண்டையில் கடி. அதற்கு மறுநாள் ஒரு கிழவர், கழுத்தில். பிறகு பால் கறக்கும் பெண் ஒருத்தி, முகத்தில். முன்பெல்லாம் பெரும்பாலும் கெண்டைக்காலிலும் கையிலும்தான் புண் இருக்கும். நாய் உறுமும், மனிதன் பாதி விலகியிருப்பான், பல் பாதி பதியும். இப்போது யாரும் விலகியிருக்கவில்லை.

செம்மலை பழைய கேள்விகளைக் கேட்டார். கடிக்கும் முன் என்ன செய்தது?

"ஒண்ணும் செய்யலீங்க" என்றாள் பால்காரி, கட்டுக்குள்ளிருந்து. "சும்மா நின்னுச்சு. வாயை மூடிக்கிட்டு. ஒடம்பு மரக்கட்டை கணக்கா இருந்துச்சு. தலையத் திருப்பாம கண்ணை மட்டும் திருப்பிப் பாத்துச்சு. எவ்வளவு சாதுன்னு நெனச்சேன்."

மன்றம் கூடியது. உறுமல் இல்லாத நாட்டில் கடி இருக்க முடியாது என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டதால், நடப்பது கடி அல்ல என்று முடிவாயிற்று. அரசவைப் புலவர்கள் ஐந்து பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து சொல் தேடினார்கள். 'எதிர்பாராத நெருக்கம்' என்பது கிடைத்தது. பேச்சிலும் எழுத்திலும் இனி அதுவே வழங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நெசவாளி எதிர்பாராத நெருக்கத்தால் இறந்தார்.

சந்தையில் மக்கள் முணுமுணுத்தார்கள். மன்னர் சங்கிலி கேட்டார், கொடுத்தோம், சோற்றை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம், இப்போது செத்தவனுக்கு அழவும் வேறு சொல்லா என்று ஒருவர் கேட்டதாகச் செய்தி மன்றத்துக்குப் போனது. பேரமைச்சர் 'உறுமல் வென்றான்' கண்ட நெறியை நினைவூட்டினார். முணுமுணுப்பு முன்னே வருகிறது. கலகம் பின்னே வருகிறது. உறுமல் தடுப்பாணையில் 'நாய்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மற்றும் குடிமக்கள்' என்று சேர்த்தார்கள். வேறு திருத்தம் தேவைப்படவில்லை.

பிரம்புக்காரர்கள் சந்தையிலும் காதை வைத்து நடந்தார்கள். துறையில் வெளியே போகும் படகுகளை நிறுத்தினார்கள். இவ்வளவு அமைதியான நாட்டைவிட்டு ஒருவர் போவதற்குத் தகுந்த காரணம் எதுவும் பட்டியலில் இல்லை. கடிதம் போகலாம், திருத்தப்பட்டு.

செம்மலை எழுதினார். 'வர வேண்டாம். இங்கே கடி அதிகமாகியிருக்கிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உங்களைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.'

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அது விழாவுக்கு முந்தைய நாள்.

'நீங்கள் எழுதியது கிடைத்தது. இங்கே எதிர்பாராத நெருக்கம் அதிகமாகியிருக்கிறது, உங்களைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்று இரண்டே வரி. இத்தனை வருடத்தில் நீங்கள் இப்படி எழுதியதில்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. விழாவன்று காலைப் படகில் வருகிறோம். தையல் தனியாக நடந்து வருவேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.'

அவர் அதை நான்கு முறை படித்தார். திருத்தியவர் பொய் எதையும் சேர்க்கவில்லை. எச்சரிக்கை உறுமலின் கீழ் வருவதால் அதை நீக்கியிருந்தார். மீதியிருந்தது ஆசை மட்டும்.

துறைக்கு ஓடினார். போகும் படகு இல்லை என்றார்கள். விழாவுக்கு வரும் படகு மட்டும்தான்.

விழாவன்று காலை படித்துறைத் தெருவின் இரு பக்கமும் மக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு முன்வரிசை. செம்மலை பொன்னாடையோடு பேரமைச்சருக்குப் பக்கத்தில் நின்றார். கண் ஆற்றில் இருந்தது. பாதி ஆற்றில் ஒரு படகு தெரிந்தது.

தெருவின் மேல்கோடியில் மன்னரின் யானை வந்தது. வாழ்த்தொலி எழுப்பும்படி யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எழுப்பினால் அதில் முணுமுணுப்பு ஒளிந்துகொள்ளலாம் என்று மன்றம் கருதியது. எனவே யானையின் மணி மட்டும் கேட்டது. அம்பாரியின் மேலிருந்து மன்னர் அந்த நிசப்தத்தைப் பார்த்து மகிழ்ந்தார்.

செம்மலை எதிர்வரிசையைப் பார்த்தார். கொல்லர் மாசாணம் அங்கே நின்றார். அவர் வாய் மூடியிருந்தது. உடம்பு அசையவில்லை. யானை வந்த பக்கம் அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார். அவருக்குப் பக்கத்தில் நெசவாளியின் மனைவி. அவளும் அப்படியே. செம்மலை வரிசை நெடுகப் பார்த்தார். தெருவின் மேல்கோடி வரை பார்த்தார்.

"ஐயா," என்றார் தாழ்ந்த குரலில், "யானையைத் திருப்பச் சொல்லுங்கள்."

பேரமைச்சர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "வைத்தியரே, இன்றைக்கு எச்சரிக்கை வேண்டாம். எவ்வளவு சாதுவாக நிற்கிறார்கள் பாரும்."

செம்மலை வரிசையிலிருந்து விலகித் துறையை நோக்கி நடந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் ஓடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கையை வீசாமல், யார் கண்ணையும் பார்க்காமல் நடந்தார். படிகளில் இறங்கும்போது பொன்னாடை நழுவியது. எடுக்கவில்லை.

படகு நாலு முழத் தூரத்தில் இருந்தது. முன்னால் தையல் நின்றுகொண்டிருந்தாள், புதுப் பாவாடையில், இறங்குவதற்கு ஒரு காலைத் தூக்கிவைத்தபடி.

"அப்பா, நீங்க மேல போய் வாசல்ல நில்லுங்க. நான் ஒத்தையில வர்றேன்."

செம்மலை தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு வந்ததும் படகின் மூக்கைப் பிடித்தார். படகுக்காரர் கயிற்றை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"திருப்புங்க" என்றார்.

"இப்பத்தானய்யா வந்தோம்."

"திருப்புங்க."

பூரணி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருக்கு மேலே தெருவைப் பார்த்தாள். அவ்வளவு கூட்டம், ஒரு சத்தமில்லை. அவள் மகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"திருப்புங்கண்ணே" என்றாள். பிறகு கணவனிடம், "நீங்களும் ஏறுங்க."

"ரணம் கட்ட ஆள் வேணும் பூரணி."

தையல் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். செம்மலை அவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். எட்டவில்லை. அந்தக் கையாலேயே படகைத் தள்ளினார். அது ஆழத்துக்குப் போகும்வரை தள்ளினார்.

தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தையல் திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு போனாள். அவள் முகம் சிறுத்து, பாவாடையின் நிறம் மட்டும் தெரிந்து, பிறகு அதுவும் மங்கியது. அவருக்குப் பின்னால், மேலே, யானையின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு மணி நின்றது.